கல்யாண நாள் வாழ்த்து

கிளப் செயலாளர் ஜெகதீசன் மைக்கைத் தட்டிப் பார்க்கிறார். அவர் தட்டும்போதெல்லாம் மேடைக்குப் பக்கத்து மேஜையிலிருக்கும் பாலிதீன் பை நடுங்குவதுபோல் தோன்றுகிறது. உண்மையில் அது மின்விசிறிக் காற்றுதான். பைக்குள் நான்கு மாலைகள். சம்பங்கி, நடுநடுவே ரோஜா. உள்ளே நுழைந்ததும் எண்ணிவிட்டேன், எண்ணாமல் இருந்திருக்கலாம். இரண்டு, டைல்ஸ் கடை சுந்தரவடிவேலுக்கும் அவர் மனைவிக்கும். மற்ற இரண்டில் ஒன்று எனக்கு, இன்னொன்று அருணகிரிக்கு. அருணகிரி இந்த ஹாலில் இல்லை. கோயம்புத்தூரில் இல்லை. நான் இவர்களிடம் சொல்லியிருப்பதுபோல் மஸ்கட்டிலும் இல்லை. மதுரையில் எங்கோ இருக்கிறார், எந்தத் தெரு என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் கோர்ட்டில் கையெழுத்துப் போட்ட அன்றோடு முடிந்துவிட்டது. ஆனால் கல்யாணத் தேதி முடியவில்லை. தேதி ஒவ்வொரு வருடமும் வந்துகொண்டிருக்கிறது, இந்த வருடம் உதயம் சேவா கிளப்பின் மாதக் கூட்டத்தன்றே வந்து தொலைத்திருக்கிறது. கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாண நாள் வருகிறவர்களை ஜோடியாக மேடைக்கு அழைப்பார்கள், தலைவரும் தலைவரின் மனைவியும் மாலை எடுத்துக் கொடுப்பார்கள், ஜோடி மாலை மாற்றிக்கொள்ளும், எல்லோரும் எழுந்து நின்று ஒரே குரலில் வாழ்த்துச் சொல்வார்கள். ஜோடியில் ஒருவர் வெளியூரிலிருந்தால் விட்டுவிட மாட்டார்கள். போனில் கூப்பிட்டு, போனை மைக்குக்குப் பக்கத்தில் பிடிப்பார்கள். போன கூட்டத்தில் ஒரு பேராசிரியை நின்றார், அவர் கணவர் கல்கத்தாவிலிருந்து "தேங்க்யூ, தேங்க்யூ" என்றார், ஹால் முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த கூட்டத்தின் தேதி எனக்கு உறைத்தது.

"என்னங்க செண்பகம், பட்டுச் சேலை கட்டிட்டு இப்படி வேர்த்து ஊத்துது. ஏ.சி.யக் கூட்டச் சொல்லட்டுங்களா?" பக்கத்து நாற்காலியிலிருந்து துளசிமணி அக்கா கேட்கிறார். வேண்டாம் என்று தலையாட்டுகிறேன். துளசிமணி அக்காதான் என் வீட்டுக்காரம்மா. அவர் கணவர் நாச்சிமுத்துதான் மேடையில் நடு நாற்காலியில் இருக்கும் தலைவர். கீழே அவர்கள், மாடியில் நான். என் பாத்திரம் கீழே விழுந்தால் அவர்களுக்குக் கேட்கும், அவர்கள் மிக்ஸி போட்டால் என் தரை அதிரும். வீடு பார்க்க வந்த அன்று அவர் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. "சாருங்க?" வாசற்படியில் என் செருப்பு ஒரு ஜோடி மட்டும் கிடந்தது. அதற்கு முன்னால் பார்த்த வீடுகளிலும் இதே கேள்விதான், அங்கெல்லாம் உள்ளதைச் சொன்னேன். உள்ளதைச் சொன்னதும் மேல் மாடிக்கு உறவுக்காரர்கள் வரப்போவதாக எல்லோருக்கும் ஒரே மாதிரி ஞாபகம் வந்தது. துளசிமணி அக்கா கேட்டபோது எனக்குக் கால் வலித்தது. "மஸ்கட்ல இருக்கார்" என்றேன். ஒரு காலத்தில் இருந்தவர்தானே. பொய் என்றுகூட அப்போது தோன்றவில்லை, பழைய செய்தி ஒன்றைச் சொன்னதுபோலத்தான் இருந்தது. "அப்படீங்களா, எங்க தங்கச்சி மாப்பிள்ளையும் அங்கதான் இருந்தாருங்க" என்று சாவியை எடுத்துக் கொடுத்தார். அதன் பிறகு மஸ்கட் வளர ஆரம்பித்தது. அங்கே வெயில் எப்படி, லீவு எப்போது, சாப்பாடு யார் சமைக்கிறார்கள். கேட்கக் கேட்க நான் சொன்னேன், சொன்னதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அருணகிரியோடு சேர்ந்து வாழ்ந்தபோது அவர் என்ன சாப்பிட்டார் என்று இத்தனை அக்கறையாக நான் நினைத்ததே இல்லை.

கிளப்பில் சேரச் சொன்னதும் துளசிமணி அக்காதான். "தனியாவே இருந்தீங்கன்னா ஊரு பிடிக்காதுங்க, நாலு பேரு பழக்கமாகணும்." உண்மைதான். வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் என் குரலை நானே கேட்காமல் பொழுது போயிருக்கிறது. சாயங்காலம் முனையிலிருக்கும் பேக்கரிக்குப் போவேன், பசியில்லாமல். "என்னங்க வேணும்?" என்று அந்தப் பையன் கேட்பான், "ஒரு தேங்காய் பன்" என்பேன், தொண்டை கரகரக்கும், அன்றைக்கு அதுதான் முதல் பேச்சு. வேலை செய்யும் இடத்திலும் பேச்சு கிடையாது. பஞ்சுப் பரிசோதனைக் கூடத்தில் யார் பேசுவார்கள். ஒரு கொத்துப் பஞ்சை இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் பிடித்து இழுக்க வேண்டும், பிரிந்த இழைகளை அடுக்கி மறுபடி இழுக்க வேண்டும், நீளம் தெரியும்வரை. கோவில்பட்டியில் இதையே செய்தபோது பக்கத்து மேஜைக்காரிகளுக்கு என் கதை தெரியும். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், நான் உள்ளே நுழைந்ததும் பேச்சின் சத்தம் மட்டும் ஒரு படி குறையும். அந்த ஒரு படிக்காகத்தான் மாற்றல் வாங்கினேன். இங்கே நான் வந்தால் சத்தம் கூடுகிறது. "அட, செண்பகம் மேடம் வந்தாச்சுங்க, இனி ஆரம்பிக்கலாமுங்க" என்று ஜெகதீசன் மைக்கிலேயே சொல்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நோட்டுக்கு அட்டை போடப் போகிறோம், ரத்ததான முகாமில் ஜூஸ் ஊற்றிக் கொடுக்கிறேன், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இதைத்தான் இழக்கப் போகிறேனா. ஒரு வீட்டையும் ஒரு ஹாலையும். கணக்குப் பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் அதைத் தவிர இந்த ஊரில் எனக்கு வேறு எதுவும் இல்லையே.

ஏன் அந்தத் தேதியைச் சொன்னேன். இங்கேதான் வந்து வந்து சிக்கிக்கொள்கிறது. ஜெகதீசன் போனில் கேட்டபோது தராசில் பஞ்சு இருந்தது. "மேடம், உங்க கல்யாண நாளு என்னைக்குங்க?" முள் நிற்கட்டும் என்று பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன். பெயரைக் கேட்டால் சொல்கிற மாதிரி. வேறு ஏதாவது ஒரு தேதி சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்தத் தேதி வந்திருக்கும், இதே மேடை, இதே பை. ஞாபகமில்லை என்றிருக்கலாம், எந்தப் பெண்ணுக்குக் கல்யாண நாள் ஞாபகமில்லாமல் போகும். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல முடிந்திருக்குமா. அட்டை போட்டுக்கொண்டிருந்த அன்று பேச்சு எப்படியோ எனக்கு முன்னால் குடியிருந்த பெண்ணின் பக்கம் திரும்பியது. துளசிமணி அக்கா கத்தரியால் காக்கித் தாளை வெட்டிக்கொண்டே சொன்னார். "புருசனை விட்டுட்டு வந்திருக்குதுங்க அந்தப் புள்ள. அது அவ சொந்த விசயம், நம்மகிட்டச் சொல்லியிருந்தா நாம என்ன கடிச்சா தின்னுருவோம்? மறைச்சுட்டாளுங்க. அதான் எங்களுக்குப் பிடிக்கல. அடுத்த மாசமே காலி பண்ணச் சொல்லிட்டோம்." யாரோ "சரியாப் பண்ணுனீங்க" என்றார்கள். நான் அட்டையின் ஓரத்தை மடித்து நகத்தால் தேய்த்தேன், தேய்த்துக்கொண்டே இருந்தேன், தாள் கிழிந்தது. சொல்லாததுதான் குற்றம் என்றால், சொல்வதற்கான நாள் ஒன்று இருந்திருக்க வேண்டும், அது கடந்துபோயிருக்க வேண்டும். எந்த நாள் அது. சாவி வாங்கிய நாளா. முதல் முறை அவர் வீட்டில் சாப்பிட்ட நாளா. இன்றைக்குக் கூட்டத்துக்கு வராமலிருக்க, மத்தியானமே தலைவலி என்று படுத்துப் பார்த்தேன். "இன்னைக்குப் போய்த் தலைவலியா, காரு எடுத்தாச்சு, அஞ்சு நிமிசத்துல கீழ இறங்குங்க" என்று படிக்கட்டில் அவர் குரல். இறங்கினேன். காரில் முன்னிருக்கையிலிருந்து திரும்பி என் தலையைப் பார்த்தார், மடியிலிருந்த பூவைக் கிள்ளி அவரே வைத்துவிட்டார். அவர் விரல் என் பின்கழுத்தில் பட்டபோது அப்போதே சொல்லிவிடலாம் என்று இருந்தது. சிக்னலில் பச்சை விழுந்தது, நாச்சிமுத்து வண்டியை எடுத்தார்.

இப்போது கண்தானம் பற்றி ஒரு டாக்டர் பேசுகிறார். நல்ல குரல். நீளமாகப் பேசட்டும். கண் எடுத்த பிறகு முகம் விகாரமாகத் தெரியாது என்கிறார், எல்லோரும் தலையாட்டுகிறார்கள், நானும் ஆட்டுகிறேன். பாத்ரூமுக்குப் போய்விடலாமா. போனால் காத்திருப்பார்கள், இவர்கள் அன்பானவர்கள், கதவைத் தட்டுவார்கள். போன் சார்ஜ் இல்லை என்று சொல்லலாம், ஜெகதீசனிடம் எப்போதும் பவர் பேங்க் இருக்கும். அவர் வேலையில் இருப்பார் என்றால், மஸ்கட்டில் இப்போது மணி என்ன என்று சரியாகச் சொல்ல இங்கே பத்துப் பேர் இருக்கிறார்கள். டாக்டர் நன்றி சொல்லிவிட்டார். இவ்வளவு சீக்கிரமாகவா. சுந்தரவடிவேலைக் கூப்பிடுகிறார்கள். அவர் ஆறடிக்கு மேல், மனைவி அவர் மார்பளவுகூட இல்லை, மாலையைத் தூக்கிக்கொண்டு நுனிக்காலில் எழும்புகிறார். "அண்ணா, இன்னைக்காச்சும் குனியுங்க!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "கட்டுனதுல இருந்து குனிஞ்சுட்டேதானுங்க இருக்கறேன்" என்கிறார் அவர். "கேட்டுக்குங்க, டைல்ஸ் எடுத்துக் காட்டறதுக்குக் குனியறதையெல்லாம் என் கணக்குல எழுதறாரு" என்கிறார் மனைவி. ஹால் அதிர்கிறது. துளசிமணி அக்கா சிரித்துச் சிரித்து என் தொடையில் அடிக்கிறார். என் வாயும் திறந்திருக்கிறது. அப்போதுதான் அந்த எண் ஞாபகம் வருகிறது. அருணகிரியின் பழைய எண். பிரிந்ததும் அவர் எண்ணை மாற்றிவிட்டார், புதியது என்னிடமில்லை. பழையதை நான் அழிக்கவில்லை. அந்த முதல் வருடத்தில் அதைக் கூப்பிட்டுப் பார்ப்பேன். இந்த எண் தற்போது உபயோகத்தில் இல்லை என்று பதிவுக் குரலில் ஒரு பெண் சொல்வாள். அது கோபமில்லாத குரல். அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு வைப்பேன், அதன் பிறகு தூக்கம் வரும். அதைக் கூப்பிடலாம். பெயர் திரையில் அருணகிரி என்று வரும், ஜெகதீசன் பார்ப்பார், மைக்கில் கொடுப்பதற்கு முன்னால் நான் ஸ்பீக்கரில் போடாமல் காதில் வைத்து, "லைன் கிடைக்கலைங்க, அங்க டவர் பிரச்சனை" என்று சொல்லிவிடலாம். அவ்வளவுதான். இவ்வளவு எளிதா. உடம்பில் வேர்வை சில்லென்று ஆகிறது.

"அடுத்து நம்ம செண்பகவல்லி மேடம்!" நடக்கிறேன். சேலைக் கொசுவம் காலைத் தடுக்கிறது. மேடையில் விளக்கு கண்ணைக் குத்துகிறது, கீழே முகங்கள் இல்லை, கைத்தட்டல் மட்டும் இருக்கிறது. "சாரு மஸ்கட்ல உழைச்சுட்டு இருக்காரு, நாம சும்மா விடுவமா? கூப்பிடுங்க மேடம்!" எண்ணை அழுத்துகிறேன், காதுக்குக் கொண்டுபோகிறேன், அதற்குள் ஜெகதீசன் "அட, எல்லாருக்கும் கேக்கணுமுங்க" என்று போனை என் கையிலிருந்து வாங்கி ஸ்பீக்கரை அழுத்தி மைக்குக்குக் கீழே பிடித்துவிட்டார். அந்தப் பெண் பேசப் போகிறாள். ஹால் முழுக்கக் கேட்கும்படி சொல்லப் போகிறாள். உபயோகத்தில் இல்லை. ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கணம் ஒன்றுமே இல்லை. பிறகு மணி அடிக்கிறது. சாதாரணமாக, நம்மூர் மணி. ஏன் அடிக்கிறது. மறுபடி அடிக்கிறது. அந்த எண்ணைத் திரும்ப வாங்கிக்கொண்டாரா. அவர் எடுத்தால் என்ன சொல்வார், என் பெயரைச் சொல்வாரா, வெறுமனே "என்ன" என்பாரா. எடுக்காதே என்று நினைக்கிறேன், நினைக்கும்போதே அந்தக் குரல் எப்படி இருந்தது என்று ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன், வரவில்லை. "அலோ" என்று ஒரு குரல். கிழவரின் குரல். பின்னால் ஏதோ வண்டி ஹாரன், ஆடு கத்துகிறது. "அலோ, யாருய்யா?" அதற்குள் ஜெகதீசன் கையை உயர்த்திவிட்டார், மொத்த ஹாலும் எழுந்து நின்று ஒரே குரலில் கத்துகிறது. "கல்யாண நாள் வாழ்த்துகள் சார்!" பிறகு அந்தக் குரல் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, "சந்தோசம்யா. ரொம்பச் சந்தோசம். எல்லாரும் நல்லா இருங்க" என்கிறது. கைத்தட்டல். நாச்சிமுத்து மைக்குக்குள் குனிகிறார். "சார், லீவுல வரும்போது அவசியம் நம்ம கிளப்புக்கு வரோணுமுங்க." "அதுக்கென்ன, வந்துட்டாப் போச்சு" என்கிறது குரல். நான் போனைப் பிடுங்கி அணைக்கிறேன். பிடுங்கியது யாருக்கும் தெரியவில்லை, வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். துளசிமணி அக்கா ஒரு மாலையை என் கழுத்தில் போடுகிறார், ஈரமாக, கனமாக. இன்னொன்றை எடுத்துக்கொண்டு ஜெகதீசன் விளையாட்டாக, "சாருக்குப் போட வேண்டாமுங்களா?" என்று என் கையிலிருக்கும் போனை நோக்கி வருகிறார். துளசிமணி அக்கா சட்டென்று அவர் கையைத் தட்டிவிடுகிறார். "என்ன பண்றீங்க? படத்துக்குப் போடறாப்ல. இன்னைக்கு நாளும் அதுவுமா!" ஜெகதீசன் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். அந்த மாலையை என் கையில் திணிக்கிறார்கள். சுமந்துகொண்டு இறங்குகிறேன்.

தப்பித்துவிட்டேன். தப்பித்தேனா. சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். "சாரு குரலு கொஞ்சம் வயசானாப்ல இருக்குதுங்களே." "பாலைவன வெயிலுங்க, குரலு காஞ்சு போயிரும். எங்க கொழுந்தனாரு அப்படித்தான்." "ஆடு கத்துச்சே?" "அங்க ஆடு இல்லாமயா, பிரியாணி எல்லாம் எதுலங்க போடறாங்க?" இருவரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கிறேன். இப்போது எனக்குக் கணவர் இருக்கிறார், எல்லோரும் பேசியிருக்கிறார்கள், கிளப்புக்கு வருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். லீவு எப்போது என்று கேட்பார்கள். கிளப்பின் ஏற்காடு டூருக்கு அவரையும் சேர்த்து ஆள் எண்ணுவார்கள். வராவிட்டால் என் மேல் இரக்கப்படுவார்கள், அந்த இரக்கத்தையும் நான் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கையில் போன் அதிர்கிறது. திரையில் அருணகிரி. வரிசையில் பின்னாலிருந்த துளசிமணி அக்கா என் தோளுக்கு மேல் பார்த்துவிட்டார். "பாருங்க, சாரு இருக்க மாட்டாம கூப்பிடறாரு. போயிப் பேசுங்க, உங்க தட்டை நான் வாங்கி வைக்கறேன்." ஹாலுக்குப் பின்னால் ஒரு கதவு, அதற்கு வெளியே பாத்திரம் கழுவும் மொட்டை மாடி. போய் நின்று எடுக்கிறேன். "அலோ, தாயி, யாரு நீங்க? வாழ்த்துச் சொன்னீகளே, யாருன்னு வெளங்கல. பேரப்புள்ளைக வெளையாடுதோன்னு நெனச்சேன்." ராங் நம்பர் என்று சொன்னால் போதும். "இது முன்னால எங்க வீட்டுக்காரரோட நம்பருங்க" என்கிறேன். "அடடா" என்கிறார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவருக்கு என்ன தாயி?" என்று கேட்கிறார். இறந்துவிட்டவரைப் பற்றிக் கேட்கும் குரல். ஆமாம் என்று சொல்லிவிட்டால் எவ்வளவு சுலபம். "ஒண்ணுமில்லைங்க. நல்லாத்தான் இருக்கார். நாங்க இப்பச் சேர்ந்து இல்லை. பிரிஞ்சுட்டோம்." இந்த ஊரில் அதை முதல் முறை வாய்விட்டுச் சொல்கிறேன். ஆடு மட்டும் கத்துகிறது. "சரி தாயி. சாப்பிட்டீகளா?" "இனிமேதான்." "சாப்பிடுங்க" என்று வைத்துவிட்டார்.

திரும்புகிறேன். துளசிமணி அக்கா கதவருகே நிற்கிறார், இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு. இட்லி, வடை, தட்டின் ஓரத்தில் கேசரி. எப்போது வந்தார். "சட்னி தீர்ந்துரும்னு" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. எதிலிருந்து கேட்டிருப்பார். 'வீட்டுக்காரரோட நம்பர்' என்பதிலிருந்தா, 'பிரிஞ்சுட்டோம்' மட்டுமா. அது மட்டுமென்றால் வேறு யாரையோ பற்றி என்று சொல்லலாம், தங்கையைப் பற்றி என்று சொல்லலாம், சொல்வதற்கு ஒரு தங்கையை உண்டாக்க வேண்டும், அவளுக்கு ஒரு ஊர், ஒரு மாப்பிள்ளை. எனக்குக் களைப்பாக இருக்கிறது. "பேசினது அவர் இல்லைக்கா" என்கிறேன். "யாரோ ஒரு பெரியவர். மஸ்கட்ல யாரும் இல்லை. கோர்ட்ல எல்லாம் முடிஞ்சுதான் இந்த ஊருக்கே வந்தேன். அன்னைக்கு வாசல்ல வெச்சே சொல்லியிருக்கணும்." என் குரல் நினைத்ததைவிடச் சத்தமாக வருகிறது. துளசிமணி அக்கா என்னைப் பார்க்கவில்லை. திரும்பி ஹாலைப் பார்க்கிறார். அங்கே நாச்சிமுத்து யாருக்கோ கேசரியை ஊட்டிவிட, போட்டோ எடுக்கிறார்கள், சிரிப்பு எழுகிறது. இரண்டு கையும் தட்டைப் பிடித்திருப்பதால் அவர் குதிகாலால் கதவைத் தள்ளிச் சாத்துகிறார். சிரிப்புச் சத்தம் நின்றுபோகிறது. "மெதுவாப் பேசுங்க" என்கிறார். அவர் முகத்தில் வெளிச்சம் இல்லை. தட்டை என் பக்கம் நீட்டவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.